சிவப்பு நூலும் சந்தனப் பொட்டும்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. மின்விசிறி போடுகிற சத்தத்தில் என் குரல் பாதி போய்விடும். இன்றைக்கு உங்களுக்கு ஒரு துப்பாக்கிக் கதை. சின்னப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், இருக்கட்டும். இதில் யாரும் யாரையும் சுடுவதில்லை. நடுவில் மட்டும் கொஞ்சம் நெஞ்சு படபடக்கும். அப்போது பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆண்டிமடம் பக்கம், முந்திரிக்காடு முடிந்து கடலைக்கொல்லை தொடங்குகிற இடத்தில் சிங்காரவேலுவின் வீடு. அவர், மனைவி முத்தாயி, மகன் ராஜேஷ், மருமகள் வளர்மதி என்று நாலு பேர். ராஜேஷ் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறான். வளர்மதிக்குப் பிறந்த ஊர் மீன்சுருட்டி. கட்டிக்கொடுத்து வந்து அதிக காலம் ஆகவில்லை. ஆனால் அந்த வீட்டில் ஸ்கூட்டி ஓட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பதால், ரேஷன் கடையிலிருந்து ஆஸ்பத்திரி வரை எல்லாருக்கும் அவள்தான் சாரதி.

துப்பாக்கி சிங்காரவேலுவின் அப்பா காலத்தது. பயிரைக் காக்க லைசென்ஸ் வாங்கி வைத்தது. லைசென்ஸில் சிங்காரவேலு பெயரோடு ராஜேஷ் பெயரும் உண்டு. கடலை முற்றுகிற நேரத்தில் முந்திரிக்காட்டுக்குள் படுத்திருக்கும் பன்றிகள் மோப்பம் பிடித்து வந்து ஒரே பொழுதில் கொல்லையை உழுதுவிட்டுப் போய்விடும். அவற்றை விரட்ட ஒரு சத்தம். அவ்வளவுதான் அந்தத் துப்பாக்கியின் வேலை. குண்டெல்லாம் போடுவதில்லை. குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, மேலே தேங்காய் நாரை வைத்துக் கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். பிறகு வானத்தைப் பார்த்து ஒரு வெடி. பன்றி முந்திரிக்காட்டைத் தாண்டி ஓடிவிடும்.

இந்த மாதிரித் துப்பாக்கியில் ஒரு சங்கடம். உள்ளே மருந்து இருக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதற்காக அந்த வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். முத்தாயியின் பழைய சேலைக் கரையிலிருந்து கிழித்த சிவப்பு நூல் ஒன்று. மருந்து கெட்டித்தவர் அதைத் துப்பாக்கியின் குதிரையில், அதுதான் விசையைத் தட்டினால் மேலிருந்து வந்து அடிக்குமே அந்த இரும்பில், கட்டிவிட வேண்டும். வெடித்த பிறகு அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட வேண்டும். நூல் இருந்தால் உள்ளே மருந்து இருக்கிறது. நூல் இல்லாவிட்டால் காலி. அப்பாவிடமிருந்து மகனுக்கு, அவரிடமிருந்து அவர் மகனுக்கு என்று வந்த பழக்கம். யாரும் யாருக்கும் வாய் திறந்து சொன்னதே இல்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்திருந்தார்கள். வளர்மதிக்குத் தெரியாது.

அந்தக் குழலுக்கு வயதாகிவிட்டது. உள்ளே துரு அரித்துப் பள்ளம் பள்ளமாகக் கிடந்தது. போன கோடையில் வெடித்தபோது புகை பக்கவாட்டில் சீறி சிங்காரவேலுவின் மீசையைக் கருக்கியது. லப்பைக்குடிக்காட்டில் நஜீமுதீன் பாயிடம் கொண்டுபோய்க் காட்டினார். ஷார்ஜாவில் பல வருடம் லேத் வேலை பார்த்துவிட்டு வந்து, சொந்த ஊரில் கடைசல் பட்டறை போட்டு, துப்பாக்கி பழுது பார்க்கவும் லைசென்ஸ் வாங்கியிருக்கிறவர் அவர்.

"உள்ள கடைஞ்சு எடுத்துட்டா வழவழன்னு ஆயிடாதா பாய்?" என்று கேட்டார் சிங்காரவேலு.

"ஆவும்ண்ணே. ஆனா சுவரு முட்டை ஓடு மாதிரி ஆயிடும். அடுத்த வெடியில உங்க பாதி மீசை இல்ல, முழு மீசையும் போயிடும். புதுக் குழலுதான் மாத்தணும். கலெக்டர் ஆபீஸ்ல அனுமதி வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் தொடாதீங்க."

அனுமதி வந்து சேரப் புரட்டாசி ஆகிவிட்டது. அதற்குள் கடலையும் முற்றிவிட்டது, பன்றியும் வந்துவிட்டது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பொழுது சாய்கிற நேரம், ராஜேஷுக்கு மனசு கேட்கவில்லை. அப்பா கடைத்தெருவுக்குப் போயிருந்தார். கொஞ்சம்தானே என்று மருந்தைப் போட்டுக் கெட்டித்துக்கொண்டு கொல்லை ஓரத்தில் நின்றான். அன்றைக்கென்று பன்றி வரவில்லை. வீட்டுக்கு வந்து, ஒழுங்காக நூலைக் கட்டி, துப்பாக்கியை மாட்டினான். விடிந்ததும் காலி செய்துகொள்ளலாம் என்றிருந்தவனை விடியுமுன்னே லாரிக்கு அழைத்துவிட்டார்கள். தொடாதே என்று அப்பா சொன்னதைத் தொட்டதால், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே போய்விட்டான்.

மறுநாள் பூஜை. வளர்மதி காலையிலிருந்து வீட்டிலுள்ள இரும்பையெல்லாம் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். மண்வெட்டி, அரிவாள், களைக்கொத்து, ஸ்கூட்டி.

"அத்தை, மிக்சிக்கும் பொட்டு வெக்கவா?"

"வெய்யி, வெய்யி. இந்த வூட்ல எதுத்துப் பேசாம வேலை செய்யிறது அது ஒண்ணுதான்" என்றாள் முத்தாயி.

துப்பாக்கியை எடுத்துத் துடைக்கும்போதுதான் அந்த நூலைப் பார்த்தாள் வளர்மதி. எண்ணெயும் கரியும் ஏறிக் கறுத்திருந்தது. ஏதோ கோயிலில் மந்திரித்துக் கட்டிய கயிறு என்று நினைத்தாள். பூஜை நாளில் அழுக்குக் கயிற்றோடு சாமி முன்னால் வைப்பதா? பதமாக அவிழ்த்தாள். கோயில் கயிற்றைக் குப்பையில் போடக் கூடாது இல்லையா? கால் படாத இடமாகப் பார்த்து, கொல்லைப்புறத்து நந்தியாவட்டைச் செடியின் கிளையில் கட்டிவிட்டாள். பிறகு துப்பாக்கிக்குச் சந்தனம் குழைத்துக் கட்டையில் ஒரு பட்டை, குழல் நெடுக வரிசையாகப் பொட்டு. குழலின் வாயில் மட்டும், பிள்ளைக்கு உச்சியில் எண்ணெய் வைப்பது போல, கெட்டியாக ஒரு உருண்டை அப்பி, அதன்மேல் குங்குமம். பார்க்க லட்சணமாக இருந்தது என்று அவளே இரண்டு தரம் தள்ளி நின்று பார்த்தாள்.

அதற்கடுத்த நாள் விஜயதசமி. எதையும் தொடங்க நல்ல நாள். சிங்காரவேலுவுக்கு அப்போதுதான் கண்ணில் புரை எடுத்திருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். ஆணியிலிருந்து துப்பாக்கியை இறக்கி, குதிரையை விரலால் தடவிப் பார்த்தார். நூல் இல்லை. ஆணியில் தொங்க வேண்டிய நூலை அவர் தேடவில்லை. உறையில் போட்டு, லைசென்ஸையும் அனுமதியையும் எடுத்துக்கொண்டு, வாடகைக் காரில் லப்பைக்குடிக்காடு போய் இறங்கினார்.

நஜீமுதீன் பார்த்ததும் சிரித்தார். "என்னண்ணே, காந்தி ஜெயந்தி அன்னிக்கித் துப்பாக்கியத் தூக்கிட்டு வர்றீங்க?"

"விஜயதசமியும் இன்னிக்கித்தானே பாய். ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கிடட்டும்."

"காலிதானே?"

"நூல் இல்ல. காலி."

அந்த வீட்டு நூலைப் பாய்க்கும் தெரியும். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. "அடியில அடைச்சிருக்கிற திருகு துருப்புடிச்சு ஒட்டிக்கெடக்கு. நெருப்புல நல்லாச் சூடு காட்டுனாத்தான் அசையும். நாளைக்கு ஜும்ஆ தொழுகை முடிஞ்சு வந்ததும் உலையில வெச்சிடுறேன்" என்றார்.

கண்ணுகளா, இப்போது உங்களுக்குத் தெரிந்தது அங்கே யாருக்கும் தெரியாது. மருந்து உள்ளே. வாய்ப்பக்கம் நாரால் கெட்டி, அடிப்பக்கம் துருவால் கெட்டி. அதை உலையில் வைத்துவிட்டுத் துருத்தி போட்டால், குனிந்து பார்க்கிற மனிதர் என்ன ஆவார்?

வெள்ளிக்கிழமை முற்பகல். விளக்குக்குப் பூப்பறிக்கப் போன முத்தாயி, நந்தியாவட்டைக் கிளையில் தன் சேலைக்கரையைப் பார்த்தாள். கூடை கையிலிருந்து நழுவியது.

"வளரு! ஏய் வளரு! இது எப்புடிடி இங்க வந்துச்சு?"

"நான்தான் அத்தை கட்டுனேன். துப்பாக்கியில இருந்துச்சு. சாமிக் கயிறாச்சே, குப்பையில போட வேணாம்னு..."

"துப்பாக்கியில எங்க இருந்துச்சு?"

"அந்தக் குதிரையில."

முத்தாயி நூலைக் கிளையோடு ஒடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்துக் கத்தினாள். சத்தம் கேட்டு சிங்காரவேலு கண்ணாடியோடு வந்தார். விஷயம் புரிந்ததும், "அவனுக்குப் போனப் போடு" என்றார். மகனுக்குப் போன் போட்டுக் கொடுத்தது வளர்மதிதான்.

"ராஜேஷு, துப்பாக்கியில மருந்து போட்டியாடா?"

அந்தப் பக்கம் லாரியை ஓரம் கட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "ஆமாம்ப்பா. கொஞ்சந்தாம்ப்பா. நூல் கட்டிட்டுத்தான் போனேன்" என்றான்.

அவர் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. நஜீமுதீன் எண்ணுக்கு அடித்தார்கள். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தார்கள். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குக் கிளம்புகிறபோது பாய் போனைச் சத்தமில்லாமல் செய்து பட்டறை மேசைக்குள் போட்டுவிடுவார். அவர் மனைவி எண் இவர்களிடம் இல்லை. வாடகைக் காரைக் கேட்டால் கல்யாணச் சவாரிக்குத் திருமழபாடி போயிருந்தது.

"மாமா, ஏறுங்க" என்றாள் வளர்மதி. ஸ்கூட்டியை ஏற்கெனவே வாசலில் திருப்பி நிறுத்தியிருந்தாள்.

"அம்மாடி, நீ என்னைய ஏத்திக்கிட்டு அவ்வளவு தூரம்..."

"ஏறுங்க மாமா!"

முத்தாயி கையில் போனைக் கொடுத்து, விடாமல் அடித்துக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

செந்துறை வழியாகப் போகிற அந்தச் சாலையில் லாரிதான் அதிகம். புழுதி கண்ணில் பட்டுவிடாமல் ஒரு கையால் கண்ணாடியை அழுத்திக்கொண்டு, மற்றக் கையால் பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் சிங்காரவேலு. ஒவ்வொரு லாரியைத் தாண்டும்போதும் "மெதுவா, மெதுவா" என்பார். தாண்டியதும் "போ, போ, வெரசாப் போ" என்பார்.

"மாமா, ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க."

"நீ பாத்து ஓட்டு தாயி."

கொஞ்ச தூரம் போனதும் அவள் தோள் குலுங்குவது அவருக்குத் தெரிந்தது.

"அழுவாத. அழுதா ரோடு தெரியாது."

"அவருக்கு என்னமாச்சும் ஆயிட்டா நான் என்ன மாமா பண்ணுவேன்? பாத்துப் பாத்து அவுத்தேனே. கையால அவுத்தேனே."

"யாரு உனக்குச் சொன்னா அது என்ன நூலுன்னு? நான் சொன்னனா? உன் புருசன் சொன்னானா? துடைக்கிறவ நீ. உன்கிட்டச் சொல்லாம நாங்க ரெண்டு ஆம்பளைங்க நூல்ல பேசிக்கிட்டு இருந்திருக்கோம். ஓட்டு தாயி."

அகரம்சீகூர் தாண்டி லப்பைக்குடிக்காட்டுக்குள் நுழையும்போது தொழுகை முடிந்து ஜனம் வெளியே வந்துகொண்டிருந்தது. தெரு முழுக்க வெள்ளைச் சட்டையும் தொப்பியும். ஸ்கூட்டி நகர வழியில்லை. வளர்மதி ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தாள். ஒரு பெரியவர் திரும்பி, "என்னம்மா அவசரம்? பிரசவமா?" என்று கேட்டார்.

"நஜீமுதீன் பாய் போயிட்டாரா?"

"அவரு முதல் ஆளாப் போயிட்டாரு. உலை காத்துக்கெடக்காம்."

அவள் ஸ்கூட்டியை அப்படியே மாமனாரிடம் விட்டாள். கொலுசு, செருப்பு எதையும் பார்க்கவில்லை. கூட்டத்துக்குள் புகுந்து ஓடினாள். பின்னால், கறுப்புக் கண்ணாடியோடு ஓட்டத் தெரியாத வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற சிங்காரவேலு, "பாய்! உலையில வெக்காதீங்க! பாய்!" என்று நடுத்தெருவில் கத்தினார். தெருவே திரும்பிப் பார்த்தது.

பட்டறையில், தொழுகைக்குப் போகுமுன்பே மூட்டியிருந்த கரி சிவந்து கனன்றுகொண்டிருந்தது. தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, நஜீமுதீன் ஒரு நீளத் தொட்டிக்குள் கைவிட்டுத் துப்பாக்கிக் குழலைத் தூக்கினார். உலைப் பக்கம் திரும்பினார்.

"வெக்காதீங்க! உள்ள மருந்து இருக்கு!"

பாய் சிலையாக நின்றார். கையிலிருந்த குழல் மெதுவாகச் சாய்ந்தது. அதன் வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. முதலில் கலங்கலாக, பிறகு மையைக் கரைத்தது போலக் கறுப்பாக. அவர் தொழுகைக்குக் கட்டிப் போன வெள்ளைக் கைலி முழங்காலிலிருந்து பாதம் வரை கறுத்தது. கடைசியில் ஊறிப்போன தேங்காய் நார் ஒன்று பொத்தென்று தரையில் விழுந்தது.

மூவரில் முதலில் பேசியது யார் தெரியுமா? மூவர் என்றேனே, பாயின் மனைவி நஜ்முன்னிசாவும் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்து நின்றிருந்தார். அவர்தான் பேசினார்.

"யா அல்லாஹ். நேத்து நீங்க வெச்சிருந்தா?"

நடந்தது இது. முந்தின நாள் வேறொரு வேலைக்காக உலை எரிந்துகொண்டிருந்தது. எரிகிற உலை சும்மா கிடக்கிறதே, ஜும்ஆவரைக்கும் எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று பாய் அன்றைக்கே கட்டையிலிருந்து குழலைக் கழற்றி, உலைக்கு எதிரே கொண்டுவந்துவிட்டார். வெளிச்சத்தில் சந்தனம் தெரிந்தது. குழல் நெடுகப் பொட்டு. வாயில் குங்குமத்தோடு ஒரு உருண்டை.

"மனசு வரலம்மா" என்றார் வளர்மதியிடம். "ஒரு பொண்ணு குழைச்சு, பாத்துப் பாத்து வெச்சிருக்கு. சாமி கும்பிட்ட பொருளு. பொட்டோட எப்புடி நெருப்புல போடுறது? துடைச்சுப் பாத்தேன், காஞ்சு ஒட்டிக்கிச்சு. சரி, ராத்திரி பூரா ஊறட்டும், தானாக் கழண்டுக்கும்னு தண்ணியில போட்டேன். போட்டுட்டு உலையை அணைச்சிட்டேன்."

"அப்பவும் நான் சத்தம் போட்டேன்" என்றார் நஜ்முன்னிசா. "சூடு காட்டுனா சந்தனம் தானா உதிரும், இதுக்கு ஒரு நாள் ஊறல் போடணுமான்னு கேட்டேன். என் வாய்ல மண்ணு விழ."

வளர்மதி நின்ற இடத்திலேயே அவர் முன்னால் கையைக் கூப்பினாள். நஜ்முன்னிசா வந்து அந்தக் கூப்பிய கையைப் பிரித்து, அதில் தண்ணீர்ச் செம்பை வைத்தார். "குடி. மொதல்ல குடி."

அதற்குள் நாலு பேர் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு, சிங்காரவேலுவையும் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு வந்தார்கள். அவர் நஜீமுதீனை நேரே போய்த் தொட்டுப் பார்த்தார். தோள், கை, முகம். கண்ணாடி வழியாகச் சரியாகத் தெரியவில்லையோ, நம்பத்தான் முடியவில்லையோ.

"முழுசா இருக்கேன்ண்ணே" என்றார் பாய். "கைலிதான் போச்சு."

"நூல் இல்லன்னு சொன்னேனே பாய். என் வாயால சொன்னேனே."

"நானும் கம்பிய விட்டு ஆழம் பாத்திருக்கணும். எல்லாத் துப்பாக்கிக்கும் பாப்பேன். உங்க வூட்டு நூல் மேல இருந்த நம்பிக்கையில விட்டுட்டேன். தப்பப் பங்கு போட்டா ஆளுக்குக் கொஞ்சம் வரும், விடுங்க."

அப்போது மேசைக்குள் கிடந்த போன் ஒளிர்ந்தது. ஆண்டிமடத்திலிருந்து முத்தாயி விடாமல் அடித்துக்கொண்டிருந்தாள். வளர்மதி எடுத்து, "அத்தை, ஒண்ணும் ஆவல அத்தை" என்றாள்.

"நீ சொல்லாத. நீ என்னைய சமாதானம் பண்ணுவ. அந்த மனுசன் குரலக் கேக்கணும். ஒரு வார்த்தை பேசச் சொல்லு."

பாய் போனை வாங்கினார். "அக்கா, நான் நஜீமுதீன்தான்."

முத்தாயி கேட்டாள்: "தம்பி, சாப்பிட்டியாப்பா?"

அவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டிருந்தவர், அந்தக் கேள்விக்குத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இனிமேத்தான்க்கா. உங்க மருமவளும் அண்ணனும் இங்கதான் இருக்காங்க. மூணு பேரும் சேந்து சாப்பிடுறோம்."

வீட்டில் நெய்ச்சோறும் கறியும் ஆகியிருந்தது. நஜ்முன்னிசா தட்டை எடுத்தவர் நின்றார். "இரு இரு, உங்களுக்குப் புரட்டாசில்ல?" என்றவர், மிச்சமிருந்த கத்தரிக்காயை அரிந்து தாளித்துப் பருப்பும் கடைந்து வைத்தார். சிங்காரவேலு இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கினார். அவர் வெளியில் எங்கேயும் இரண்டாம் தரம் கேட்கிறவர் இல்லை. நஜீமுதீன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள் வளர்மதி. ஒவ்வொரு கவளமும் உள்ளே போவதைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு நிறைவாக இருந்ததாம். இதை அவளே என்னிடம் சொன்னாள்.

அப்புறம் பழைய குழல் சூடு காட்டப்பட்டு, திருகு கழன்று, புதுக் குழல் ஏறியது. வாங்கப் போனபோது நாலு பேருமே போனார்கள். ராஜேஷ் லாரிக்கு லீவு போட்டுவிட்டு வந்து, பாயின் எதிரே பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நின்றான். கையில் புது வெள்ளைக் கைலி ஒன்று.

"இதுக்கு எதுக்குடா மாப்ள?" என்றார் பாய்.

"வாங்கிக்குங்க மாமா. இல்லன்னா எங்கம்மா என்னைய வூட்டுக்குள்ள விடாது."

பாய் கைலியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, புதுக் குழலுக்குள் கம்பியை விட்டு, அடிவரை போய்த் தட்டுகிற சத்தத்தை எல்லாரையும் கேட்க வைத்தார். வளர்மதியையும் கிட்டக் கூப்பிட்டு அவள் கையாலேயே விடச் சொன்னார். பிறகு, "நஜ்மு, அந்தக் கிண்ணத்தக் கொண்டா" என்றார். நஜ்முன்னிசா சந்தனம் குழைத்தே வைத்திருந்தார்.

"வெய்யிம்மா" என்றார் பாய் வளர்மதியிடம். "உன் பொட்டு இல்லாம இது என் பட்டறையத் தாண்டாது."

அவள் வைத்தாள். குழலின் வாயில், பழையபடியே, உச்சியில் எண்ணெய் வைப்பது போல. இப்போது அந்த வீட்டில் சிவப்பு நூல் வளர்மதியிடம்தான் இருக்கிறது. யார் மருந்து போட்டாலும் அவளைக் கூப்பிட்டுத்தான் கட்ட வேண்டும், அவளைக் கூப்பிட்டுத்தான் அவிழ்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் முத்தாயி ஒரு போன் போட்டு, "தம்பி, சாப்பிட்டியாப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். பாயும் அன்றைக்கு மட்டும் போனைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்கிறார்.

அவ்வளவுதான் கண்ணுகளா. பிடித்த கையை இப்போது விடலாம். விடாவிட்டாலும் நல்லதுதான். உங்கள் வீட்டில் எரிகிற நெருப்பெல்லாம் சோறாக்கவே எரியட்டும். உங்கள் வீட்டுக்கு வந்தவளும் பிறந்தவளும் எல்லாம் அறிந்தவர்களாக இருக்கட்டும். வெளியே போனவர்கள் முழுசாகத் திரும்பி வந்து, இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடட்டும். எங்கோ ஒரு ஊரில், உங்களுக்குத் தெரியாமலே உங்களுக்காக மனசு இளகுகிற ஒருவர் இருக்கட்டும். அவருக்கு நன்றி சொல்கிற நாளும் உங்களுக்குக் கிடைக்கட்டும். நல்லா இருங்க.